ஏழு கணினிக்கு ஒரு சர்வர்

நசரத்பேட்டையில் பாஸ்கல் வீட்டைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பெங்களூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பிக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் போதும். எங்கிருந்தாவது ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஒரு கனத்த குரல் கேட்கும். அந்தத் திசையில்தான் அவர் வீடு.

மைக் செட், சீரியல் லைட், மேடை விளக்கு ஆகியவற்றை வாடகைக்கு விடுவது அவர் தொழில். மாதா கோயில் கொடியேற்றம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே குழாய் ஸ்பீக்கர்கள்தான் போகும். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பாஸ்கலும் ஐடிஐ முடித்துவிட்டு அங்கேயே ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். ஓர் ஆயுத பூஜை அன்று கம்பெனி வாசலில் கட்டியிருந்த ஆம்ப்ளிஃபயர் திடீரென்று ஊமையாகிவிட்டது. பாஸ்கலைக் கூப்பிட்டார்கள். அவர் திறந்து பார்த்து, விட்டுப்போயிருந்த ஒரு வயரைப் பற்றவைத்தார். பாட்டு மறுபடி கேட்டதும் வாசலில் நின்ற அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மெஷின் ஓடினால் யாரும் சிரிப்பதில்லை, பாட்டு ஓடினால் சிரிக்கிறார்கள் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டார்.

அவருடைய கூட்டாளி துலுக்கானம். கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவது துலுக்கானத்தின் வேலை. கீழே நின்று வயரைப் பிரித்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்வது பாஸ்கல். மனைவி ரெனிதா ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டைப் பெண். குறுக்குத் தையலில் கை தேர்ந்தவர். அந்த வட்டாரத்து மாதா கோயில்கள் பலவற்றில் பீடத்தின் மேல் விரித்திருக்கும் துணி அவர் தைத்ததுதான். ரெனிதாவின் பிறந்த ஊர் என்பதால் முத்தாபுதுப்பேட்டை மாதா கோயில் திருவிழாவுக்கும், கோயிலை ஒட்டிய கன்னியர் பள்ளியின் ஆண்டு விழாவுக்கும் வருஷம் தவறாமல் பாஸ்கல் மைக் செட்தான்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை சிஸ்டர் ஞானகுமாரி. பாஸ்கலுக்கு அவரிடம் பயம். எந்த விழாவானாலும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவரிடமிருந்து ஆள் வந்துவிடும். குறைத்தால் பின்வரிசைக்காரர்கள் கத்துவார்கள். கூட்டினால் மறுபடி சிஸ்டரின் ஆள் வரும்.

போன வருஷ ஆண்டு விழாவுக்கு வயர் இழுக்கப் போனபோது, பள்ளியின் சைக்கிள் ஷெட்டில் பழைய கணினிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பாஸ்கல் பார்த்தார். எண்பதுகளில் அரசுத் திட்டம் ஒன்றில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகள் அவை. கணினியும் கீபோர்டும் ஒரே பெட்டியாக, ஆர்மோனியப் பெட்டி அளவில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் திரை தனி. காயலான் கடைக்காரர் மறுநாள் வருவதாக இருந்தது. பாஸ்கல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஐந்து துளைகளோடு வட்டமாக ஒரு சாக்கெட் இருந்தது. அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் மைக்கைச் செருகும் சாக்கெட் அச்சு அசலாக அதேதான். இதில் மைக் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. அந்தக் குழப்பத்திலேயே சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டுவிட்டார்.

சிஸ்டர் அவரையும் கணினிகளையும் மாறி மாறிப் பார்த்தார். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எக்காரணம் கொண்டும் திரும்ப இங்கே கொண்டுவரக் கூடாது என்றார்.

வீட்டில் முதல் கணினியைப் போட்டதும் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்து, ‘பீப்’ என்று சத்தமும் வந்தது. பாஸ்கல் ரெனிதாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் உள்ளேயிருந்த பழைய கண்டன்சர் ஒன்று வெடித்து, கருகிய மீன் நாற்றத்தோடு புகை கிளம்பியது. காய்ந்துகொண்டிருந்த பீடத் துணிகளை அள்ளிக்கொண்டு ரெனிதா மாடிக்கு ஓடினார். அன்று முழுக்க அவர் பாஸ்கலோடு பேசவில்லை. மறுநாள் பேசியபோது, ஒன்று அந்தப் பெட்டிகள் புகை விடக் கூடாது, இல்லையென்றால் பெட்டிகளே இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதில் நியாயம் இருந்ததால் பாஸ்கல் எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, அந்தக் கண்டன்சர்களை மாற்றினார். வந்தவற்றில் ஏழு பிழைத்தன. மற்றவை உதிரி பாகங்களாயின.

பிழைத்த கணினிகளுக்கு ஞாபகம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிளாப்பியிலிருந்து புரோகிராமை ஏற்ற வேண்டும். பிளாப்பிகளிலோ பூஞ்சை. இப்படிப்பட்ட கணினிகளை வைத்திருப்பவர்களின் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. பாஸ்கல் அதில் சேர்ந்து, ஆங்கிலத்தில் வந்த பதில்களைப் போனிலேயே தமிழாக்கிப் படித்தார். அந்த ஐந்து துளை சாக்கெட் மைக்குக்கானது அல்ல என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். ஒரே வயரில் எல்லாக் கணினிகளையும் கோத்துவிட்டால், ஒரு பெட்டியில் வைத்திருக்கும் கோப்புகளை எல்லாமே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஃபைல் சர்வர். போன் அதை ‘கோப்பு பரிமாறுபவர்’ என்று தமிழாக்கியது.

துலுக்கானத்திடம் இதைச் சொன்னபோது அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“சர்வர்னா, ஓட்டல்ல இட்லி கொண்டாந்து வெப்பாரே, அவரா?”

“அவரேதான் மாமே. ஏழு பேரு குந்திகினு கீறாங்க. யாரு இன்னா கேட்டாலும் அவரு உள்ள போய் எடுத்தாந்து குடுப்பாரு.”

“ஒரே ஆளா? பாவம்” என்றார் துலுக்கானம்.

அந்தக் காலத்தில் சர்வர் வேலைக்கென்று டிஸ்க்கோடு தனியாக ஒரு கணினியை ஒதுக்கி வைத்திருந்தார்களாம். பாஸ்கலிடம் அது இல்லை. குழுவில் இருந்தவர்கள் சொன்னபடி, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி போர்டு ஒன்றையும், பழைய வயரோடு அதைப் பேசவைக்கும் இன்னொரு போர்டையும் வரவழைத்தார். பாஸ்கல் அவற்றை ஒரு பிளாஸ்டிக் மிட்டாய் டப்பாவுக்குள் பொருத்தினார். ஆனாலும் கணினிகள் பேசவில்லை. ‘கேட்கவில்லை’ என்ற பொருளில் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பத் திரையில் காட்டின. குழுவில் கேட்டதற்கு ஒருவர் அனுப்பிய பதிலைப் போன் இப்படித் தமிழாக்கியது: ‘கம்பியின் இரண்டு முனைகளிலும் ஓர் அழிப்பவரை நிறுத்தவும்.’

பாஸ்கல் அதைப் பலமுறை படித்தார். பிறகு அவருக்குச் சட்டென்று விளங்கியது. மேடை விளக்குகளை ஒரே வயரில் வரிசையாகக் கோக்கும்போது, கடைசி விளக்கில் சின்னதாக ஒரு பிளக் செருகுவார்கள். இல்லையென்றால் போன சிக்னல் முட்டித் திரும்பிவந்து விளக்குகள் தன்னிஷ்டத்துக்குச் சிமிட்டும். அதற்குப் பெயர் டெர்மினேட்டர். அதைத்தான் போன் ‘அழிப்பவர்’ ஆக்கியிருந்தது. அதே மாதிரி இரண்டு பிளக்குகளைத் தயாரித்துக் கம்பியின் இரு முனைகளிலும் செருகினார். முதல் கணினியில் சர்வரின் கோப்புப் பட்டியலைக் கேட்டார். வந்தது. இரண்டாவதில் கேட்டார். வந்தது. ஏழாவது வரைக்கும் ஓடி ஓடிக் கேட்டுவிட்டு, ஆயுத பூஜை அன்று கம்பெனி வாசலில் கேட்ட சிரிப்பு போல ஒன்றைத் தானே சிரித்தார். ரெனிதா எட்டிப் பார்த்தார். புகை எதுவும் இல்லை.

எல்லாத் திரைகளிலும் ஆங்கிலமாகவே இருக்கிறதே, தமிழ் வராதா என்று ரெனிதா கேட்டது அன்றைக்குத்தான்.

வராது என்று பாஸ்கல் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, வரவைக்கலாம், ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் நாமே வரைய வேண்டும் என்றார். எட்டுக் கட்டம் அகலம், எட்டுக் கட்டம் உயரம், அதற்குள் புள்ளி வைத்து எழுத்தைக் கொண்டுவர வேண்டும். ரெனிதா தன் தையல் கூடையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்தார். பீடத் துணியில் ‘மரியே வாழ்க’ என்று தைக்கும்போது அவர் செய்வதும் அதுதானே.

‘ப’வும் ‘ட’வும் உடனே வந்துவிட்டன. ‘ண’ வரவில்லை. எட்டுக் கட்டத்துக்குள் மூன்று சுழி அடங்காமல் நசுங்கிப்போன ஜிலேபி மாதிரி ஆனது. அகலமான எழுத்துகளுக்கு இரண்டு கட்டங்களைச் சேர்த்துக்கொள்வதென்று ரெனிதா முடிவு செய்தார். சமைக்கும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும் அவர் மனசுக்குள் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ‘ழ’வின் வாலைச் சரிசெய்ய மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். ஒருநாள் ‘கூ’வைத் திருத்தி சர்வரில் வைத்துவிட்டு, ஏழு கணினிகளிலும் மறுபடி ஏற்றச் சொன்னார். ஏழிலும் புது ‘கூ’ வந்தது. துணியில் தவறிவிட்டால் அத்தனை தையலையும் பிரிக்க வேண்டும், இதில் ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடுகிறதே என்று அவர் அதிசயப்பட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளை ‘உங்க பெட்டிங்க’ என்று சொல்வதை விட்டு ‘நம்ம பெட்டிங்க’ என்று சொல்லத் தொடங்கினார்.

செப்டம்பர் மாதா திருவிழாவில் வினாடி வினா நடத்தலாம் என்பதும் ரெனிதாவின் யோசனைதான். கோயிலையும் வட்டாரத்தையும் பற்றிய கேள்விகள். ஆறு பேர் ஆறு கணினிகளில் உட்கார்ந்து பதில் தட்ட, ஏழாவதிலிருந்து பாஸ்கல் நடத்த, மதிப்பெண் எல்லாம் சர்வரில் போய்ச் சேரும். பங்குத்தந்தை முதலில் தயங்கினார். இது ஏதாவது சூதாட்டமா என்று கேட்டார். கேள்விகளைப் படித்துப் பார்த்ததும் சமாதானமாகி, கோயிலை ஒட்டிய மறைக்கல்வி ஹாலை ஒதுக்கிக் கொடுத்தார். சிஸ்டர் ஞானகுமாரி, திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று சொன்னதுதான் பாஸ்கலுக்கு உறுத்தியது. பள்ளிக்குத்தானே வரக் கூடாது, கோயிலுக்கு வரலாம் என்று ரெனிதா சட்டம் பேசினார்.

திருவிழா அன்று மதியம் லோடு ஆட்டோவிலிருந்து கணினிகளை இறக்கியவர் துலுக்கானம். வயரில் கோத்த ஒவ்வொரு கணினிக்கும் அதை அடையாளம் காட்ட ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பாஸ்கல் அடிப்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். துலுக்கானம் கையில் வந்த வரிசையில் மேசைகளில் வைத்துக்கொண்டே போனார். அது பெரிய விஷயமாக அப்போது யாருக்கும் படவில்லை. பாஸ்கலுக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயரை ஒட்டிய மேசையில் ஒரு கணினி. ஹாலுக்குள் மற்ற ஆறும்.

சாயங்காலப் பூசை முடிந்ததும் ஹால் நிரம்பிவிட்டது. முதல் சுற்றில் பெரும்பாலும் தையல் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். தமிழ் எழுத்தைப் பார்த்து ஆளுக்காள் ரெனிதாவின் தோளைத் தட்டினார்கள். அப்போது பாஸ்கலின் திரையில் தானாகவே ஒரு வரி வந்து விழுந்தது. ஐந்தாம் எண் கணினியிலிருந்து என்று போட்டு, ஆங்கில எழுத்துகளில் தமிழாக: ‘சத்தம் அதிகம்.’

பாஸ்கல் திடுக்கிட்டார். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றின் திரைக்குச் செய்தி அனுப்பும் வசதி உண்டு என்று குழுவில் படித்திருந்தார். அதை அவர் யாருக்கும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் எண் எங்கே என்று ஹாலுக்குள் எட்டிப் பார்த்தார். எண்கள் எல்லாம் அடியில் இருந்தன. மேலே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது இன்னொரு வரி இருந்தது. ‘மேற்குப் பக்கத்துக் குழாய்.’

பதில் அனுப்பத் தெரியாமல் பாஸ்கல் அதை விட்டுவிட்டு, இரண்டாம் சுற்றுக் கேள்விகளைத் திறக்கப் போனார். யாரும் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது என்று அதைப் பூட்டிய இடத்தில் வைத்திருந்தார். மேற்பார்வையாளர் பெயரில் உள்ளே போனால்தான் அது திறக்கும். பெயரைத் தட்டினார். பாஸ்வேர்டு தவறு என்று சர்வர் சொன்னது. அந்தப் பெயருக்கு அவர் பாஸ்வேர்டே வைத்ததில்லை. மறுபடி தட்டினார். மறுபடியும் தவறு. ஹாலுக்குள் அடுத்த சுற்றுக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பங்குத்தந்தை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் பாஸ்கல் ஐந்தாம் எண்ணைத் தேடி, வயர் பார்ப்பது போல ஹாலுக்குள் போனார். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கையை எடுக்கச் சொல்லி, கணினியை ஓரமாகத் தூக்கி அடியில் குனிந்து பார்த்தார். இரண்டு. ஏழு. மூன்று. மூலையில் இருந்ததைத் தூக்கும்போது, மேலே இருந்த கைகள் நகரவே இல்லை. நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டர் ஞானகுமாரி முக்காடு கலையாமல் நேராக உட்கார்ந்திருந்தார். அடியில் இருந்த எண் ஐந்து.

“சிஸ்டர், நீங்களா?”

“நான்தான். பூட்டே போடாத வீட்டுக்கு நீங்க ஏழு வாசல் வெச்சிருக்கீங்க பாஸ்கல். யார் வேணும்னாலும் உள்ள போய் மொத்தத்தையும் அழிச்சிருக்கலாம். அதான் நானே ஒரு பூட்டு போட்டேன்.”

“சாவி?”

“கான்வென்ட்டைப் பார்த்து ஒரு குழாய் கட்டியிருக்கீங்களே, அது திரும்பினா சாவி வரும்.”

பாஸ்கல் வெளியே ஓடினார். கம்பத்தடியில் சுண்டல் தின்றுகொண்டிருந்த துலுக்கானத்திடம் விஷயத்தைச் சொன்னார். துலுக்கானம் சுண்டல் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார்.

“கம்பூட்டரு காசு கேக்கும்னு கேள்விப்பட்டுகீறேன் நைனா. கொயா திருப்பச் சொல்லி கேட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்று மேலேயிருந்து சொன்னார்.

மேற்குக் குழாய் வயல் பக்கமாகத் திரும்பியது. சிஸ்டர் ஹால் ஜன்னலருகே வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பாஸ்கலின் மேசைக்கு வந்து, ‘அமைதி’ என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டினார். கேள்விகள் திறந்தன.

இளம் சிஸ்டராக இருந்தபோது, அந்தக் கணினிகள் பள்ளிக்கு வந்த புதிதில், அவரைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்களாம். நடத்தியவர் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த மேசையில் இருந்த தோழிக்கு மதியச் சாப்பாடு என்ன என்று செய்தி அனுப்புவாராம். ஒருநாள் எண்ணைத் தவறாகத் தட்டியதால் செய்தி நடத்தியவரின் திரைக்கே போய்விட்டது. அவரும் கோபிக்காமல், சாம்பார் சாதம் என்று பதில் அனுப்பினாராம். சிஸ்டர் இதைச் சொல்லும்போது, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கண்கள் மட்டும் சிரித்தன. இவ்வளவு தெரிந்தவர் ஏன் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தார் என்று பாஸ்கல் கேட்டார்.

“ஒண்ணை வெச்சிருந்தாலும் ஆபீஸ் வேலை ஓடாது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்” என்றார் சிஸ்டர்.

இரண்டாம் சுற்றில் அவரும் கலந்துகொண்டார். கம்பத்திலிருந்து இறங்கி வந்த துலுக்கானத்தையும் ஆள் குறைகிறதென்று ஒரு கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். விவிலியக் கேள்விகளில் சிஸ்டர் முன்னால் போனார். வட்டாரத்தைப் பற்றிய கேள்விகள் வந்ததும் நிலைமை மாறியது. எந்த ஊரில் எந்த மாதம் திருவிழா, எந்த பஸ் எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்தவருக்கு மனப்பாடம். ஒற்றை விரலால் தட்டியே துலுக்கானம் ஜெயித்தார். பரிசாக ஒரு மாதா சுரூபம் கொடுத்தார்கள். இப்போது அது அவர் வீட்டு சாமி மாடத்தில் அங்காளம்மனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்தே பூ வைக்கிறார்.

அதற்கப்புறம் பாஸ்கலுக்கு வேலை கூடிவிட்டது. மைக் செட் பேச வருகிறவர்கள் ‘அந்தப் பழைய கம்ப்யூட்டரும் உண்டுதானே’ என்று கேட்கிறார்கள். சிஸ்டர் ஞானகுமாரி பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு ஏழையும் கொண்டுவரச் சொல்லிவிட்டு, முன்னால் சொன்ன வார்த்தையைத் தான் சொல்லவே இல்லை என்று சாதித்தார். கண்காட்சி நடந்த இரண்டு நாளும் அவருடைய ஆபீஸ் அறை காலியாகவே கிடந்ததாகக் கேள்வி. பாஸ்வேர்டை மாற்றும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். புதிய பாஸ்வேர்டைப் போனில் கேட்டு வாங்குவதற்குள் பாஸ்கல் ஏதாவது ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைசியாகக் கொடுத்தது, பூசைக்கு நேரத்தோடு வருவது.

போன வாரம் அயனம்பாக்கத்திலிருந்து ஏரிக்கரைக் குடியிருப்புக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்துப் பெருமாள் கோயில் உற்சவத்தில் வினாடி வினா வைக்க வேண்டுமாம். பாஸ்கல் தேதியைக் குறித்துக்கொண்டார். போகும்போது அவர்களில் ஒருவர், தலைப்பில் ‘ஸ்ரீ’ போட வருமா என்று கேட்டார். பாஸ்கல் ரெனிதாவைப் பார்த்தார். ரெனிதா வாசல்படியிலேயே உட்கார்ந்து கட்டத்தாளை மடியில் விரித்தார். அந்தக் கொம்பும் சுழியும் இரண்டு கட்டத்தில் அடங்காது, மூன்று வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே முதல் புள்ளியை வைத்தார்.